ஹில்டா அக்கா குறித்துக் கொடுத்த வெயில்

எங்கள் ஊரில் நாளைக்கு மழை பெய்யுமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நாலு வாரம் கழித்துப் பெய்யுமா என்று கேட்டால் பதில் சொல்ல ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அது என் பெரியம்மா மகள் ஹில்டா. பதில் சொல்வாள் என்றுதான் சொன்னேன். அந்தப் பதிலைக் கேட்டுத் தெளிவடைந்தவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஹில்டா அக்காவுக்குத் தொழில் பந்தல் போடுவது. அத்தான் இறந்தபோது விட்டுவிட்டுப் போனது ஒரு மகன், கொஞ்சம் தகரம், நிறையச் சவுக்குக் கம்பு. பொம்பளை எப்படிப் பந்தல் போடுவாள் என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாரும் பிற்பாடு அவள் போட்ட பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். தூத்துக்குடியில் கல்யாண வீடு, சடங்கு வீடு, துக்க வீடு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, குழி தோண்டுகிற ஆட்களைப் பார்த்து ஒரு சத்தம் போடுவாள். அந்தச் சத்தத்துக்குக் கம்புகள் தாமாகவே நேராக நிற்கும் என்று ஊரில் பேச்சு.

வானிலைப் பைத்தியம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. அந்த டிசம்பர் வெள்ளத்தில் வந்தது. ஊரையே மூழ்கடித்த மழை, அக்காவின் கிட்டங்கியில் அடுக்கியிருந்த தகரத்தில் பாதியையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்கள் அரசாங்கத்தைத் திட்டினார்கள், ஆற்றைத் திட்டினார்கள், அடுத்த வீட்டுக்காரன் கட்டிய சுவரைத் திட்டினார்கள். அக்கா ஒருத்திதான் வானத்தோடு சண்டைக்குப் போனாள். "இனிமே எனக்குத் தெரியாம இந்த ஊர்ல மழ பெய்யக் கூடாது" என்று என்னிடம் சொன்னாள். மாநகராட்சிக் கமிஷனர்கூட இப்படி உத்தரவு போட்டதில்லை.

அவளுடைய மகன் மெல்வின் சரக்குக் கப்பலில் மூன்றாவது ஆபீசர். லீவில் வந்திருந்தபோது, கப்பலில் காற்றும் அலையும் பார்க்கிற படங்களை லேப்டாப்பில் அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தான். பெற்ற பிள்ளை செய்கிற காரியமா அது? அவன் ஒன்பது மாதத்துக்குக் கப்பலேறிப் போய்விட்டான். அனுபவித்தது நாங்கள். அக்கா இந்த வாரப் படத்தை முடித்து, அடுத்த வாரப் படத்தை முடித்து, ஐரோப்பாக்காரன் ஆறு வாரத்துக்கு முன்னாலேயே போட்டுவைக்கிற படம் வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு அவள் நடத்திய பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்? இன்றைய காற்றையும் சூட்டையும் ஈரத்தையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, இனிமேல் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்குப் பெயர் மாடல். ஒரு தடவை ஓட்டினால் நம்ப முடியாது. ஆகவே தொடக்கத்தைத் துளித்துளி மாற்றி நூற்றொரு தடவை ஓட்டுகிறார்கள். முதல் வாரத்தில் நூற்றொன்றும் ஏறக்குறைய ஒரே பேச்சு பேசும். இரண்டாவது வாரத்தில் கோஷ்டி பிரியும். மூன்றாவது, நாலாவது வாரத்தில் எங்கள் சங்கத்துப் பொதுக்குழு மாதிரி ஆளுக்கொரு பக்கம் கத்தும். அந்தக் கத்தலிலும் எந்தப் பக்கம் கைகள் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதற்குத்தான் நீண்ட நாள் கணிப்பு என்று பெயராம்.

அப்படிக் கை கூடுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறதாம். இந்துமாக் கடலின் மேற்கே ஒரு பெரிய மேகக் கூட்டம் கிளம்பி, பூமத்திய ரேகையை ஒட்டியே கிழக்கு நோக்கி நகரும். ஒரு சுற்று முடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். அது நம் பக்கம் நிற்கும்போது மழைக்குக் கை கொடுக்கும். பசிபிக் பக்கம் நகர்ந்துவிட்டால் நம் ஊர் பெரும்பாலும் காயும். அதைக் கண்டுபிடித்த இரண்டு பேரின் பெயரைச் சேர்த்து மேடன் ஜூலியன் என்பார்கள். அக்கா அந்தப் பெயரைச் சொல்கிற பக்தியைப் பார்த்து, யாரோ புதுப் புனிதர் என்று என் மனைவி கொஞ்ச நாள் நினைத்திருந்தாள்.

"மூணாவது வாரத்துக்கு மேல மாடல் மழையச் சொல்லாதுலே" என்பாள் அக்கா. "காத்து எங்கன சுத்துது, மேகம் எங்கன கூடுதுன்னுதான் சொல்லும். அதுவும் மொத்தமா. இந்தத் தெருவுல பெய்யும், அந்தத் தெருவுல பெய்யாதுன்னுலாம் சொல்லாது."

"பந்தல் தெருவுலதான போடுதோம்?" என்றேன்.

"உனக்குச் சொன்னா வெளங்காது."

எனக்கு விளங்காதது பெரிய விஷயமில்லை. நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கண்டெய்னர் நம்பர் சரிபார்க்கிறவன். ஊருக்கே விளங்கவில்லை. ஊருக்கு வேண்டியது பெய்யும் அல்லது பெய்யாது. அக்காவோ பத்துக்கு ஆறு காயும், பத்துக்கு நாலு நனையும் என்பாள். அது மட்டுமா? பந்தலில் இரண்டு சாதி உண்டு. துணிப் பந்தல் அழகு. மழை வந்தால் அம்போ. தகரப் பந்தலுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை, ஆனால் வாடகை அதிகம். ஆகையால் அக்கா மழை என்று வாயைத் திறந்தாலே, தகரத்தைத் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்பார்கள். வெயில் என்று சொல்லிவிட்டால் போதும். தகரம் வைத்திருக்கிறவளே சொல்கிறாளே, அப்புறம் என்ன என்று வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். அறிவியலுக்கு எங்கள் ஊர் கொடுத்த மரியாதை இதுதான்.

ஹார்டுவேர் கடை சிவனாண்டி அண்ணாச்சி அப்படி நம்பியவர்களில் ஒருவர். ஊருக்குப் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டையில் இரண்டாவது கடை திறக்க, ஐப்பசியில் ஒரு தேதி சொல்லிக் கேட்டார். பத்துக்கு ஆறு காயும் என்றாள் அக்கா. துணிப் பந்தல் போட்டார். ரிப்பன் வெட்டுகிற நேரத்துக்கு வானம் திறந்து, வந்திருந்த வியாபாரிகள் சங்கத் தலைவர்கள் எல்லாரும் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே ஒண்டினார்கள். மறுநாள் அண்ணாச்சி சண்டைக்கு வந்தார்.

"பத்துக்கு ஆறுன்னா பாஸ் மார்க்குலா?" என்றார்.

"மீதி நாலு எங்க போகும் அண்ணாச்சி? ஒங்க கடைக்குத்தான் வந்திருக்கு" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அவர் கடை வாசலில் யார் அக்கா பேச்சை எடுத்தாலும், "யாரு, அந்த மேகம் மேய்க்கிற பொம்பளையா?" என்பார். அக்காவுக்கு இது போய்ச் சேரும். சேர வேண்டும் என்றுதானே அவர் சத்தமாகச் சொல்வது.

இந்த நிலைமையில்தான், மறுபடி லீவில் வந்த மெல்வினுக்குப் பெண் அமைந்தது. ஜெஸ்லின், நர்ஸிங் படித்தவள், இரண்டு தெரு தள்ளி வீடு. அவளுடைய அப்பா பவுல் அண்ணன் தோணியில் தண்டலாக இருந்தவர். தண்டல் என்றால் தோணியின் தலைவர். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் கொண்டுபோய், வரும்போது கதைகளைக் கொண்டுவந்து தெருவுக்கே இறக்குவார். சத்தமாகச் சிரிக்கிற மனுஷன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இரண்டு வருஷமாக இருதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, வீட்டோடு கிடந்தார். நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குவார்.

அவருக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அதை அவர் மறைத்து வைக்கவும் இல்லை. கல்யாணத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகலாம் என்று யாரோ சொன்னதற்கு, "நான் என்ன ஏத்துமதிச் சரக்கா? நடந்துதாம் போவேன்" என்றார். அவருடைய மனைவி பிலோமினா தினமும் சாயங்காலம் அவரை வீட்டுக்குள்ளேயே நடக்கவைத்துப் பழக்கினாள்.

திருநெல்வேலியில் இருதய டாக்டரிடம் கூட்டிப்போனபோது அக்காவும் கூடப் போனாள். "பயப்படாதீங்க, கிறிஸ்மஸ் தாண்டிரும்" என்றார் டாக்டர். அடுத்த வாரத்து மழைக்கே நூற்றொரு கணக்குப் பார்க்கிற எங்கள் அக்கா, இதற்கு மறுபேச்சு பேசாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

தேதி பார்ப்பதில்தான் பிரச்சினை. டிசம்பரை ஒட்டி, கிறிஸ்மஸுக்கு ஆயத்தம் செய்கிற திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. தை மாதத்துக்குத் தள்ளலாம் என்றால் மெல்வின் டிசம்பரிலேயே கப்பலேற வேண்டும். ஆகவே நவம்பருக்குள் முடித்தாக வேண்டும். எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். வருஷம் பூராவும் காய்ந்து கிடக்கிற ஊரில், வானம் கொட்டுகிற ஒரே மாதத்தைத் தேடிப் பிடித்துக் கல்யாணம் வைப்போம். மண்டபம் எல்லாம் எப்போதோ நிறைந்துவிட்டது. கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட மைதானம்தான் கிடைத்தது. பங்குச் சாமியார் இரண்டு நாள் சொன்னார். மூன்று ஞாயிறு பூசையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க அவகாசம் விட்டு, நவம்பர் முதல் புதன் ஒன்று. அதற்கு மூன்று வாரம் கழித்து, திருவருகைக் காலத்துக்கு முந்தின கடைசிப் புதன் இன்னொன்று.

அக்டோபர் பாதியில் பவுல் அண்ணன் வீட்டில் கூடிப் பேசினோம். அக்கா வெற்றிலை பாக்குத் தட்டோடு லேப்டாப்பையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சம்பந்தம் பேச லேப்டாப்போடு போனவள் பரதவர் குலத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"முந்தின தேதியே இருக்கட்டும் ஹில்டா" என்றார் பவுல் அண்ணன்.

"அண்ணே, இங்கன பாருங்க. இந்தப் பச்ச பூராவும் ஈரம். நவம்பர் மொத வாரம் மேகம் நம்ம தலைக்கு மேலேயே நிக்கும். இந்தா, இந்தக் காவிக் கலரு, கடைசி வாரம். எல்லாம் பசிபிக் பக்கம் போயிரும். காஞ்சு கெடக்கும்."

பவுல் அண்ணன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல கலரா இருக்கு" என்றார்.

பிலோமினா காப்பி கொண்டுவந்து வைத்தபடி, "மழைன்னா தகரம் போட்டுட்டாப் போச்சு மைனி. ஊருக்கெல்லாம் நீங்கதான போடுதிய?" என்றாள்.

நியாயமான கேள்வி. அக்காவின் முகம் சுருங்கியது. தன் ஒரே மகனின் கல்யாணத்துக்கு அவள் மனசில் ஒரு பந்தலை எப்போதோ கட்டி முடித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். வெள்ளையும் நீலமுமாக உயரத் துணிப் பந்தல், சுற்றிலும் திறந்து, கடல்காற்று வந்துபோகிற மாதிரி. இருபது வருஷமாக ஊரார் வீட்டுக்கு அடக்கமாகப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு நாள் காட்ட வேண்டும்.

"எம் மவனுக்குத் தகரமா?" என்றாள். "உப்புக் கிட்டங்கி மாதிரி இருக்கும் மைனி. அதும்போக அந்த மைதானத்துல தண்ணி நின்னா வாரவுக எல்லாரும் சேலயத் தூக்கிப் பிடிச்சிட்டுலா நிக்கணும்?"

"கடைசி வாரத்துக்கு மாடல் பத்துக்கு எத்தனன்னு சொல்லுது?" என்று கேட்டேன்.

"ஆறு."

"மூணு வாரத்துக்கு அங்கிட்டு மாடலுக்கே கண்ணு தெரியாதுன்னு நீதான சொன்ன? மீதி நாலு?"

"நல்ல காரியம் பேசுத எடத்துல மீதியப் பத்திப் பேசாதலே" என்றாள்.

பவுல் அண்ணன் இன்னொரு தடவை, "முந்தினதா இருந்தா எனக்குத் தோதா இருக்கும்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பெண் வீட்டுக்காரர் எந்த அளவு சொல்லலாமோ அந்த அளவு சொன்னார். டாக்டர்தான் கிறிஸ்மஸ் தாண்டும் என்றாரே என்று அக்கா சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு என்று ஒன்று இருக்கிறது. கடைசிப் புதன் என்று முடிவானது. நானும் பூந்தி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இதற்குள் ஊருக்குச் செய்தி பரவிவிட்டது. பந்தல்காரி தன் மகனுக்கு நவம்பரில் துணிப் பந்தல் போடப் போகிறாள். சிவனாண்டி அண்ணாச்சி கடையில் இதைவிடப் பெரிய வேடிக்கை அந்த மாதம் இல்லை. "பத்திரிகையிலேயே போட்டிரச் சொல்லு, குடையோட வரவும்னு" என்றார். அக்காவோ ஒவ்வொரு வாரமும் புதுப் படம் வந்ததும் எனக்கு அனுப்பி, கீழே ஒரு கட்டைவிரலையும் போட்டு அனுப்புவாள். காவி நிறம் காவியாகவே இருந்தது. அவளுடைய மேடன் ஜூலியன் சொன்ன பேச்சுக் கேட்டு, சொன்ன பாதையில், சமர்த்தாக வந்துகொண்டிருந்தது.

நவம்பர் முதல் ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். காலஞ்சென்ற இன்னாருக்கும் ஹில்டாவுக்கும் பிறந்த மகன் மெல்வினுக்கும், பவுலுக்கும் பிலோமினாவுக்கும் பிறந்த மகள் ஜெஸ்லினுக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கவும். பவுல் அண்ணன் கோயிலுக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். சாமியார் தன் பெயரை வாசித்தபோது பக்கத்திலிருந்த என் தொடையைத் தட்டினார்.

அந்த வாரம் புதன்கிழமை மழை பெய்தது. பெய்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் பிடித்த மழை மத்தியானம் வரை விடவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் முழங்கால் தண்ணீர். அன்றைக்குக் கல்யாணம் வைத்திருந்தால் என்னென்ன ஆகியிருக்கும் என்று ஊரே பேசியது. அக்கா ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஸ்கூட்டரைத் தண்ணீருக்குள் விரட்டிப் பவுல் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஜெயித்த செய்தியைச் சொல்ல அதுவரைக்கும் பொறுக்க முடியவில்லை.

"பாத்தியளா அண்ணே? பாத்தியளா மைனி?" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் வீட்டுக்குள் ஓடியது. "மூணு வாரத்துக்கு முன்னாலயே சொன்னேம்லா!"

பவுல் அண்ணன் சட்டை போட்டு, தலை சீவி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஏன் இன்றைக்குச் சட்டை என்று நான் கேட்கவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அவர் கேட்ட புதன் அது. அன்றைக்கு அவர் முகத்தில் வீக்கம் வற்றியிருந்தது.

"இன்னைக்கு ஒடம்பு நல்லா இருக்கு ஹில்டா. நடக்கேன் பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. முன் அறையிலிருந்து அடுப்படி வரைக்கும் போனார், நிற்காமல் திரும்பி வந்தார். வந்து, பிலோமினாவைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"அதாம் பாருங்க" என்றாள் அக்கா. "இன்னைக்கே இப்படின்னா இன்னும் மூணு வாரத்துல ஓடியே போவிய!"

காற்றின் போக்கு மூன்று வாரத்தில் எப்படியெல்லாம் பிரியும் என்று எனக்கு மணிக்கணக்கில் வகுப்பு எடுத்தவள் சொன்ன வார்த்தை இது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை, காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் சாய்ந்தபடியே போய்விட்டார் பவுல் அண்ணன். அன்றைக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஒன்றுமில்லாத ஒரு நாள். துக்க வீட்டுக்குப் பந்தல் அக்காதான் போட்டாள். வழக்கமாகப் போடுகிற சத்தம் அன்றைக்கு இல்லை. ஆட்கள் கம்பு எங்கே ஊன்றுவது என்று என்னிடம் வந்து கேட்டார்கள்.

டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. பவுல் அண்ணன் மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தவர். பெரும்பாலானவர்கள் அவர் சொன்ன அளவு இருந்திருப்பார்கள். சிலர் கூட இருந்திருப்பார்கள், சிலர் முந்திப் போயிருப்பார்கள். அவர் சொன்னதும் பத்துக்கு இத்தனை என்கிற கணக்குதான். அதை அவர் சொல்லவில்லை. அதைக் கேட்கத் தெரிந்தவள் எங்கள் ஊரிலேயே ஒருத்திதான், அவள் கேட்கவில்லை. வானத்துக்கு நூற்றொரு தடவை ஓட்டிப் பார்த்தவள் மனுஷனுக்கு ஒரே தடவை ஓட்டி, வந்த விடையை நம்பிவிட்டாள். எனக்கு அக்கா மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. துக்க வீட்டில் காட்ட முடியாமல் நாற்காலிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஓலையை அந்த ஞாயிறு வாசித்தார்கள். இரண்டு ஞாயிறாக வாசித்த அதே ஓலைதான். 'காலஞ்சென்ற' என்பது இந்தத் தடவை இரண்டு பக்கமும் இருந்தது. கோயிலில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. பிலோமினா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கல்யாணத்தைத் தள்ள வேண்டாம் என்று அவளேதான் சொன்னாள். மெல்வின் கப்பலேறினால் திரும்ப ஒன்பது மாதம் ஆகும். அவுகளும் இதைத்தான் விரும்புவாவ என்றாள். மேளம் இல்லை, வாணவேடிக்கை இல்லை. ஆனால் பந்தல் வேண்டாம் என்று அக்கா சொன்னபோது மட்டும் பிலோமினா சம்மதிக்கவில்லை. "வாரவுக எங்கன உக்காருவாவ? நீங்க நெனச்சபடியே போடுங்க மைனி" என்றாள். அது அன்பா, தண்டனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

நவம்பர் கடைசிப் புதன் விடிந்தது. மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. அந்த வாரம் முழுக்கவே மாவட்டத்தில் எங்கும் ஒரு சொட்டு விழவில்லை. மாடல் ஜெயித்ததா, அதிர்ஷ்டம் ஜெயித்ததா என்று படித்தவர்கள் சொல்லட்டும். ஆறு வாரத்துக்கு முன்னால், பச்சை என்று சொன்ன இடத்தில் பச்சை, காவி என்று சொன்ன இடத்தில் காவி. உலகத்தில் எந்த வானிலை ஆபீஸுக்கும் இப்படி ஒரு வெற்றி வாய்த்திருக்காது. வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் ஜெஸ்லினைப் பிலோமினா நடத்திக்கொண்டு போனாள். அம்மாவும் மகளும் அழக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள் போல. இரண்டு பேரும் நேராகப் பார்த்தபடி நடந்தார்கள். அழுதது மெல்வின்தான்.

மைதானத்தில் வெள்ளையும் நீலமுமான பந்தல் காற்றில் ஏறி இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவு அழகான பந்தலை நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு அக்காவிடம் வந்து, துக்கத்தை ஒரு வாக்கியத்திலும் வானிலையை நாலு வாக்கியத்திலும் விசாரித்தார்கள். "ஒரு சொட்டு இல்லயே ஹில்டாக்கா!" "எப்பிடிக்கா கரெக்டா சொன்னிய?" "டிவிக்காரனுவள ஒங்ககிட்ட டியூசன் படிக்கச் சொல்லணும்." மூன்று வருஷமாக அவள் கேட்க ஏங்கிய பேச்சு எல்லாம் ஒரே மத்தியானத்தில் வந்து குவிந்தது. அக்கா பட்டுச் சேலையில், மாப்பிள்ளை வீட்டாருக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாரையும் பார்த்து, சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பிலோமினா வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் புதன்கிழம அவுக எவ்வளவு நல்லா நடந்தாவ, என்ன மைனி?" என்றாள் பிலோமினா.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சும்மா நினைவு வந்து சொன்னாள். அக்கா பிலோமினாவின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவளுடைய வளையல்கள் பிலோமினாவின் மணிக்கட்டில் அழுந்தியதைப் பார்த்தேன். அத்தனை நாள் நான் வைத்திருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சிவனாண்டி அண்ணாச்சி வந்தார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பழத்தை உரித்துக்கொண்டே வந்தார். குனிந்து கும்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்கிடாதிய ஹில்டாம்மா. என்னென்னமோ பேசிட்டேன். இனிமே நீங்க சொல்லுததுதான். புது வீடு கட்டி முடிச்சிட்டேன், பால் காய்ச்சணும். தையில ரெண்டு முகூர்த்தம் இருக்கு, முன்னால ஒண்ணு, கடைசியில ஒண்ணு. கம்ப்யூட்டர்ல பாத்து எதுன்னு சொல்லுங்க" என்றார்.

அக்கா பிலோமினாவின் கையை விடவில்லை.

"வீட்டுல வயசானவுக யாரும் இருக்காவளா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"எங்கம்மா இருக்காவ. தொண்ணூறு ஆகுது. புது வீட்டுல எப்படா வெளக்கேத்துவோம்னு உக்காந்திருக்காவ."

"அப்போ முன்னால வாரதுல வையிங்க."

"மழ வந்துச்சுன்னா?"

"வரட்டும்" என்றாள் அக்கா.